பாலுண்ணி: சுரண்டவா, விடவா?

கேள்வி சுருக்கமாக இது. ஐந்து வயது மகளுக்கு வலது அக்குளிலும் விலாவிலும் நாலு மாதமாக முத்து முத்தாகச் சின்னக் கட்டிகள். முதலில் மூன்று இருந்தது, இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. சிலவற்றின் நடுவில் குழி தெரிகிறது. சுற்றியுள்ள தோல் வறண்டு சொரசொரப்பாக இருக்கிறது, இரவில் சொறிகிறாள். ஒரு டாக்டர் "ஒன்றும் செய்ய வேண்டாம், தானாகப் போய்விடும்" என்கிறார். இன்னொருவர் "எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடலாம்" என்கிறார். மாமியார் சுண்ணாம்பு வைக்கச் சொல்கிறார். பள்ளியில் "சரியானதும் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் இரண்டு கட்டிகள் சிவந்து வீங்கியதும் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள். வீட்டில் இரண்டு வயதுத் தம்பியும் இருக்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

சரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். நீங்கள் சொல்லும் வயது, இடம், பரவிய விதம், நடுவில் உள்ள குழி எல்லாம் பாலுண்ணிக்கே பொருந்துகின்றன. மருத்துவத்தில் மொலஸ்கம் கண்டேஜியோசம் என்பார்கள். தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும் வைரஸ் தொற்று; உள்ளுறுப்பு எதையும் தொடாது. இரண்டு டாக்டர்களுமே தவறாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகள் என் முன்னால் உட்கார்ந்திருந்தால் நான் இருபதையும் சுரண்ட மாட்டேன், ஒன்றுமே செய்யாமல் அனுப்பவும் மாட்டேன். சுற்றியுள்ள வறட்சியையும் அரிப்பையும் முதலில் அடக்குவேன். தொந்தரவு தரும் சிலவற்றை மட்டும் கவனிப்பேன். மிச்சத்தை அதன் போக்கில் விடுவேன். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். பள்ளிக்கு நாளைக்கே அனுப்பலாம்.

பாலுண்ணியை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. பாதி வெந்த ஜவ்வரிசி போல இருக்கும்: தோல் நிறத்திலோ லேசான சிவப்பிலோ, வழுவழுவென்று, நடுவில் வெள்ளையாக. அளவு பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர். உச்சியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். புதிதாக முளைத்த பொடிக் கட்டிகளில் அந்தப் பள்ளம் சட்டென்று தெரியாது. தோலை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பிடித்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நிழல் விழுந்து பள்ளம் தெரியவரும். கிளினிக்கில் நாங்கள் டெர்மாஸ்கோப் என்ற விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் பார்ப்போம். நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டு, அதைச் சுற்றி வட்டமாகப் பொடி ரத்தக்குழாய்கள், அவற்றில் ஒன்றுகூட நடுவைக் கடந்து போகாது. இது தெரிந்துவிட்டால் வேறு சோதனையே தேவையில்லை. இந்த வைரஸ் ரத்தத்துக்குள் போவதில்லை என்பதால் ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. "ரத்தம் கெட்டுப்போய் வந்தது" என்று சொல்லி ரத்த சுத்திக்கு மருந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

மற்றவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சின்னம்மை என்றால் காய்ச்சலோடு வரும், ஓரிரு நாளில் உடம்பெல்லாம் பரவும், நீர்க்கொப்புளமாகிப் பொருக்குத் தட்டும். பாலுண்ணி மாதக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வேர்க்குரு வெயில் தணிந்தால் அடங்கிவிடும். மரு வேறொரு வைரஸால் வருவது, முரடாக இருக்கும், விரல்களிலும் பாதத்திலும்தான் அதிகம். பாலுண்ணி உள்ளங்கை உள்ளங்காலில் அநேகமாக வராது. நம் ஊரில் பலர் இரண்டையும் ஒன்றாகவே பேசுவதால் மருவுக்கான சாலிசிலிக் ஆசிட் பாட்டிலை வாங்கி வந்து குழந்தையின் அக்குளில் தடவிவிடுகிறார்கள். காலில் தடித்த தோலுக்கான மருந்து அது. அக்குளில் தோல் மெல்லியது, வியர்வையும் உண்டு. மருந்து வழிந்து சுற்றிலும் வெந்துவிடும்.

அப்புறம் இது அம்மையா என்ற கேள்வி. கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெரியம்மையை உண்டாக்கிய வைரஸும் இதுவும் ஒரே குடும்பம்தான். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அந்தக் குடும்பத்தில் மனிதனை மட்டுமே நம்பி வாழ்பவை இரண்டுதான்; ஒன்று போய்விட்டது, மிச்சமிருப்பது பாலுண்ணி வைரஸ். குடும்பம் ஒன்றே தவிர நடத்தை முற்றிலும் வேறு. காய்ச்சல் கிடையாது, உடம்பு வலி கிடையாது. வேப்பிலை கட்டிக் குழந்தையைத் தனியறையில் படுக்க வைக்கவோ, குளிப்பாட்டாமல் இருக்கவோ, சாப்பாட்டில் எதையும் விலக்கவோ வேண்டியதில்லை. முட்டை, கத்தரிக்காய், கருவாடு எதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருபது கட்டிகளுக்காக வளரும் பிள்ளைக்கு முட்டையை நிறுத்தியிருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

தாமஸ் பேட்மேன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1817இலேயே இந்த நோயை விவரித்துப் பெயர் வைத்துவிட்டார். வைரஸ்தான் காரணம் என்பது 1905இல் தெளிவானது. இவ்வளவு காலமாகியும் இன்றுவரை இதற்குத் தடுப்பூசியும் இல்லை, விழுங்கினால் வைரஸைக் கொல்லும் மாத்திரையும் இல்லை. ஆய்வகத்தில் மற்ற வைரஸ்களை வளர்ப்பது போல இதைச் செல்களில் வளர்க்க முடிவதில்லை. சோதித்துப் பார்க்க விலங்கும் இல்லை. அது ஒரு முக்கியக் காரணம்.

இனி உங்களைப் பயமுறுத்திய அந்தச் சிவப்புக்கு வருகிறேன். இந்த வைரஸ் தோலின் மேலடுக்குச் செல்களுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. தன்னை உடம்பு கண்டுகொள்ளாதபடி, எச்சரிக்கைச் சமிக்ஞைகளை அமுக்கும் புரதங்களையும் தானே செய்துகொள்கிறது. அதனால்தான் மாதக்கணக்கில் வலி, வீக்கம் எதுவும் இல்லாமல் கட்டி சும்மா நிற்கிறது. என்றைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் கண்டுகொள்கிறதோ அன்றைக்கு அந்த இடம் சிவக்கும், வீங்கும், சில சமயம் சீழ் வைத்தது போலக்கூட ஆகும். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். எங்களுக்கு அது நல்ல சேதி. அநேகமாக அடுத்த சில வாரங்களில் அந்தக் கட்டி பொருக்காகி உதிரும். பல குழந்தைகளுக்கு மற்றவையும் பின்னாலேயே வற்ற ஆரம்பிக்கும். உங்கள் மகளுக்குச் சிவந்தது இரண்டே கட்டிகள், காய்ச்சல் இல்லை, விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்கிறீர்கள். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டிருக்காது. இந்தச் சிவப்பைப் பாக்டீரியாத் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பது மிகவும் பரவலான பழக்கம்.

உண்மையிலேயே பாக்டீரியா சேர்ந்திருந்தால் வேறுபாடு தெரியும். சிவப்பு கட்டியோடு நிற்காமல் நாளுக்கு நாள் அகலமாகும், தொட்டால் சுடும், குழந்தை தொடவே விடமாட்டாள், காய்ச்சல் வரும், சீழ் தொடர்ந்து வடியும். அப்படியானால் அன்றைக்கே காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் சந்தேகமாக இருந்தால், சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்து மறுநாள் காலையில் பாருங்கள். வட்டத்தைத் தாண்டியிருந்தால் கிளம்பி வாருங்கள்.

எவ்வளவு நாள் இருக்கும்? இதில் பெற்றோரிடம் பூசி மெழுகக் கூடாது. "ரெண்டு மாதத்தில் போய்விடும்" என்று சொல்லி அனுப்பினால் மூன்றாவது மாதம் வேறு டாக்டரிடம் போவார்கள், நான்காவது மாதம் சுண்ணாம்பை எடுப்பார்கள். பிரிட்டனில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், முழுதாகச் சரியாக ஆன சராசரிக் காலம் 13 மாதத்துக்குக் கொஞ்சம் மேல். 18 மாதம் கழித்தும் 100க்கு 30 பேருக்கு இருந்தது. இரண்டு வருஷம் கழித்தும் 13 பேருக்கு இருந்தது. ஒவ்வொரு கட்டியும் சில மாதங்கள்தான் இருக்கும். ஆனால் ஒன்று போவதற்குள் சொறிந்த இடத்தில் இன்னொன்று வந்துவிடுவதால் மொத்தக் கணக்கு நீள்கிறது. ஆக உங்கள் மகளுக்கு இப்போது நாலு மாதம் என்றால், இன்னும் ஒரு வருஷம் ஆகலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முன்னாலேயே போனால் சந்தோஷம். நல்ல விஷயம், அக்கி வைரஸ் போல இது உடம்புக்குள் ஒளிந்திருந்து பின்னாளில் எழுந்து வருவதில்லை. போனால் போனதுதான். வெளியிலிருந்து மறுபடி ஒட்டினால்தான் உண்டு.

பரவுவது தோலும் தோலும் உரசுவதால். அடுத்தபடியாகத் துண்டு, குளியல் நார், ஒரே பக்கெட்டில் சேர்ந்து குளிப்பது, நீச்சல் குளத்தில் மிதவைப் பலகையைப் பகிர்வது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சொறிந்த நகம். வைரஸ் ஒட்டியதிலிருந்து கட்டி தெரிவதற்கு இரண்டு வாரம் முதல் ஏழு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம்கூட. அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடி அலைவதில் பயனில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை மேல் பழி போட்டு ஒரு நட்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சில குழந்தைகளுக்குக் கட்டிகள் கோடு போட்டாற்போல வரிசையாக நிற்கும். அது நகம் போன பாதை. உங்கள் மகளுக்கு விலாவில் இருப்பதையும் உற்றுப் பாருங்கள், கையைத் தொங்கவிட்டால் மேற்கையின் உட்புறம் உரசும் இடத்தில்தான் அதிகம் இருக்கும். அந்த உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கேயும் ஒன்றிரண்டு பொடியாகத் தொடங்கியிருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. அவளுக்கென்று ஒரு துண்டு, வேறு யாரும் தொடாமல். பீர்க்கன் நார், பிளாஸ்டிக் நார் எதுவும் வேண்டாம், கையால் சோப்புப் போட்டால் போதும். கடலைமாவு, பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் இருந்தால் இந்தச் சில மாதம் நிறுத்துங்கள். நல்லதென்று நினைத்துத் தேய்க்கிற தேய்ப்பில் கட்டி உடைந்து வைரஸ் சுற்றிலும் பூசப்படுகிறது. துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், கட்டியுள்ள பக்கத்தைக் கடைசியில். நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டுங்கள். தம்பியோடு ஒன்றாகக் குளிப்பதை நிறுத்துங்கள். தலையிலோ பிடரியிலோ கட்டி வந்து, குலதெய்வத்துக்கு மொட்டை வேண்டுதல் பாக்கி இருந்தால் தள்ளிப் போடுங்கள். கத்தி கட்டிகளின் மேல் போனால் தலை முழுக்க விதைத்த மாதிரி ஆகிவிடும். இதே காரணத்துக்காகத்தான் தாடியில் பாலுண்ணி உள்ள ஆண்களிடம் ஷேவ் செய்யாமல் டிரிம்மர் போடச் சொல்கிறோம்.

இவ்வளவு செய்தும் தம்பிக்கு வரலாம். அந்த பிரிட்டன் ஆய்விலேயே வீட்டிலுள்ள மற்ற குழந்தைகளுக்கு 100க்கு 41 பேர் என்ற அளவில் பரவியிருந்தது. வந்தால் உங்கள் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். அதற்காக அக்காவையும் தம்பியையும் பிரித்துப் படுக்க வைப்பது, "கிட்ட போகாதே" என்று சொல்வது எல்லாம் வேண்டாம். ஐந்து வயதுப் பெண்ணுக்கு அந்த வார்த்தை பாலுண்ணியைவிட அதிக நாள் மனதில் நிற்கும். கட்டியை மறைக்கிற மாதிரி கை வைத்த பனியன் போட்டுவிடுங்கள், போதும்.

பள்ளி விஷயத்தில் தயங்காமல் பேசுங்கள். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி உட்பட, குழந்தை மருத்துவ வழிகாட்டுதல்கள் பாலுண்ணிக்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தத் தேவையில்லை என்றே சொல்கின்றன. சட்டைக்குள் மறைந்திருக்கும் கட்டி வகுப்பில் யாருக்கும் ஒட்டாது. வெளியே தெரிந்தால் பிளாஸ்டர் ஒட்டினால் முடிந்தது. சரியானதும் வரச் சொன்னால், ஒரு வருஷம் அவள் வீட்டில் இருக்க வேண்டியதுதான். உங்கள் டாக்டரிடம் நாலு வரியில் சான்றிதழ் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். நீச்சல் வகுப்பு இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி அனுப்பலாம், பலகையும் துண்டும் அவளுடையதாக இருக்கட்டும்.

இப்போது நான் முதலில் செய்வேன் என்று சொன்ன வறட்சி. இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். பாலுண்ணியைச் சுற்றித் தோல் வறண்டு சிவந்து அரிப்பது எக்ஸிமா. சில குழந்தைகளுக்கு அது முன்பே இருக்கும், சிலருக்குப் பாலுண்ணியே கிளப்பிவிடும். அரிப்பு, அதனால் சொறிதல், அதனால் புதிய கட்டி. கட்டி மூன்றிலிருந்து இருபதானது பெரும்பாலும் இந்த வழியில்தான். அரிப்பை நிறுத்தினால் பரவும் வேகம் பாதி குறையும் என்பது என் அனுபவம்.

குளித்துத் துவட்டிய மூன்று நிமிஷத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை உடம்பெல்லாம் தடவுங்கள். இரவில் படுக்கும் முன் மறுபடி. விலை உயர்ந்தது தேவையில்லை, வாசலின்கூடப் போதும். வெந்நீர் சுடச்சுட வேண்டாம், வெதுவெதுப்பாக இருக்கட்டும். நிறைய சிவந்து அரிக்கிற இடத்துக்கு மட்டும், டாக்டர் பார்த்துச் சொன்னால், ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மிதமான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்கள் போடலாம். ஸ்டீராய்டு போட்டால் வைரஸ் பெருகிவிடாதா என்று கேட்பீர்கள். எக்ஸிமா உள்ள இடத்தில் குறைந்த வீரியத்தில், குறைந்த நாட்களுக்குப் போடுவதால் கிடைக்கும் நன்மைதான் பெரிது. ஆனால் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் மூன்று மருந்து சேர்த்த கிரீம் இருக்கிறதே, வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒரே டியூபில், அதைக் குழந்தையின் அக்குளில் வைக்கவே வைக்காதீர்கள். தோல் மெலிந்து கோடு விழும், தேமல் போல வெளுக்கும். இன்று எங்கள் துறையில் சமாளிக்க முடியாத பெரும் தொல்லையாகியிருப்பது இந்தக் கிரீம்கள்தான்.

சரி, கட்டிகளுக்கு வருவோம். என்ன வழிகள் உண்டு, எது எவருக்கு?

சுரண்டி எடுப்பது பழைய முறை, உடனடிப் பலன் தருவது. முதலில் லிடோகைனும் பிரிலோகைனும் கலந்த மரத்துப்போகும் கிரீமைக் கட்டிகளின் மேல் தடவி, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டி, சுமார் ஒரு மணி நேரம் காத்திருப்போம். குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு கியூரெட் என்கிற வட்ட விளிம்புள்ள சிறு கருவியால் ஒரே அசைவில் கட்டியை எடுப்போம். கெட்டியான வெள்ளை உருண்டை வெளியே வரும், அதில்தான் வைரஸ் நிறைந்திருக்கிறது. சொட்டு ரத்தம் வரும், பஞ்சை அழுத்திப் பிடித்தால் நிற்கும். நாலைந்து கட்டிக்கு இது நல்ல முறை. இருபது, முப்பது என்றால் பாதியிலேயே குழந்தை மிரண்டுவிடும். கைகால்களைப் பிடித்து அமுக்கி முடித்துவிடலாம்தான். ஆனால் தானாகப் போகிற ஒன்றுக்காக அதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் பிறகு அந்தக் குழந்தை தடுப்பூசிக்கு வந்தாலும் கதவருகிலேயே அழும். இன்னொன்று, மரத்துப்போகும் கிரீமை நீங்களாக வீட்டில் அள்ளித் தடவிக்கொண்டு வராதீர்கள். குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவைத் தாண்டினால் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனே குறைந்து உதடு நீலம் பூக்கும். எக்ஸிமா உள்ள தோலில் இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

திரவ நைட்ரஜனால் உறையவைப்பது பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சரி. வலிக்கும், கொப்புளம் வரும். நம் மாநிறத் தோலில் வெள்ளை வட்டமோ கறுப்பு வட்டமோ மாதக்கணக்கில் நிற்கும். சின்னப் பெண்ணின் கழுத்திலோ முகத்திலோ நான் இதைத் தொடுவதில்லை.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், சீட்டில் கேஓஎச் என்று எழுதுவோம், நம் நாட்டில் நிறையப் பயன்படுவது. பெரும்பாலும் 5 அல்லது 10 சதவீதம். இதை வீட்டில் பெற்றோரே வைக்கலாம் என்பதுதான் வசதி, ஆனால் வைக்கிற விதத்தைக் கற்றுக்கொண்டு வைக்க வேண்டும். கட்டியைச் சுற்றி வாசலினை வளையமாகப் பூசுங்கள். பல்குத்தும் குச்சியின் முனையை மருந்தில் தொட்டு, சொட்டாதபடி உதறி, கட்டியின் உச்சியில் மட்டும் வையுங்கள். இரவில் ஒருமுறை. இரண்டு மூன்று நாளில் கட்டி சிவந்து புண் போல ஆகத் தொடங்கும். அந்த இடத்தில் உடனே நிறுத்திவிட வேண்டும், அது போதும், மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும். "இன்னும் போகவில்லையே" என்று மேலும் மேலும் வைப்பதால்தான் தழும்பு வருகிறது. கண் இமை, பிறப்புறுப்பு, வாயோரம் பக்கம் இதைக் கொண்டு போகக் கூடாது. பாட்டிலைத் தம்பிக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அமெரிக்காவில் அண்மையில் இரண்டு மருந்துகள் இதற்கென்றே அனுமதி பெற்றன. 2023இல் கேந்தரிடின் என்ற, ஒருவகை வண்டில் இயற்கையாக உள்ள கொப்புளமாக்கும் பொருள். டாக்டர் கையால் மட்டுமே வைக்கப்படுவது. 2024இல் பெர்டசைமர் என்ற ஜெல், வீட்டில் தடவுவது. ஒரு நோய்க்கென்றே மருந்து வருவது நல்லதுதான், ஆனால் உறவினரிடம் சொல்லி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற அளவுக்கு அவசரம் உங்கள் மகளுக்கு இல்லை. இமிகுவிமாட் கிரீமை எழுதிக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். 700க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த இரண்டு சோதனைகளில் மருந்தில்லாத கிரீமைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. எரிச்சல் மட்டும் மிச்சம். எல்லாச் சிகிச்சைகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2017ஆம் ஆண்டு மதிப்பாய்வும் எந்த ஒரு மருந்தும் உறுதியாகச் சிறந்தது என்று காட்டவில்லை என்றே முடித்தது. அதனால்தான் ஒரு டாக்டர் விடச் சொல்கிறார், ஒரு டாக்டர் எடுக்கச் சொல்கிறார். இருவருக்கும் இடையில் முடிவு செய்ய வேண்டியது குழந்தையின் நிலைமை: எத்தனை கட்டி, எங்கே, அரிக்கிறதா, மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களா, சிகிச்சையின் வலியை அவள் தாங்குவாளா.

மாமியாரின் சுண்ணாம்பு. அவர் அக்கறையில்தான் சொல்கிறார், அவர் காலத்தில் பலருக்குச் "சரியானதை"ப் பார்த்தும் இருப்பார். சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைப்பது, எருக்கம்பால் விடுவது, அம்மான் பச்சரிசிப் பால் தடவுவது, தலைமுடியால் சுருக்குப் போட்டுக் கட்டுவது, நகத்தால் கிள்ளிப் பிதுக்குவது எல்லாம் ஊருக்கு ஊர் உண்டு. தானாகப் போகிற நோய்க்குக் கடைசியாக எதைச் செய்தோமோ அதற்குத்தான் பெயர் கிடைக்கும். சுண்ணாம்பு வெறும் நம்பிக்கை என்றும் சொல்ல மாட்டேன். அது கடுமையான காரம், கட்டியை நிஜமாகவே அரித்துவிடும். டாக்டர் தரும் கேஓஎச்சும் காரம்தானே என்று கேட்டால், ஆமாம், காரம்தான். வீரியம் தெரிந்த கரைசலை ஊசிமுனை அளவு வைத்து, சிவந்ததும் நிறுத்துவதற்கும், வீரியம் தெரியாத பசையை அப்பிக் காயவிட்டு எழுந்து போவதற்கும் உள்ள வேறுபாடு தழும்பில் தெரியும். காரப் புண் மேலே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கும். மாறாத குழித் தழும்போடு வரும் பிள்ளைகளில் பலருக்கு அந்தத் தழும்பைக் கொடுத்தது பாலுண்ணி அல்ல, வைத்தியம்.

எருக்கம்பாலைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறேன். முகத்தில் வைக்கும்போது கண்ணில் தெறித்தால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். அந்தப் பாலுக்கு மரத்துப்போக வைக்கும் குணமும் இருப்பதால் முதலில் வலியே தெரியாமல் போகலாம், வலி இல்லை என்று நாம் சும்மா இருந்துவிடுவோம். தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கண் டாக்டரிடம் ஓட வேண்டும். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்ள வேண்டும் என்று பாட்டி சொன்னால் தாராளமாகப் போய் வாருங்கள். குழந்தைக்கு அதில் ஒரு புண்ணும் வராது, பாட்டிக்கும் மனசு ஆறும். சுண்ணாம்பு டப்பாவை மட்டும் மூடி வைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வந்தால் பார்வையை மாற்ற வேண்டும். அடிவயிறு, தொடை, பிறப்புறுப்பு ஓரம் என்று வந்தால் அது பெரும்பாலும் உடலுறவின்போது ஒட்டியது. மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கும் சேர்த்துச் சோதித்துக்கொள்வது நல்லது. முகத்தில் கூட்டமாகவோ, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாகவோ வந்தால் எச்ஐவி பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் பாலுண்ணி அப்படித்தான் வரும், பாலுண்ணி போலவே தோன்றும் ஆபத்தான பூஞ்சை நோய்களும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இது இலவசம், விவரம் வெளியே போகாது. 1097 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். குழந்தைகளுக்குப் பிறப்புறுப்புப் பக்கம் வருவது வேறு. தன் கையால் சொறிந்து பரப்பிக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை வைத்து மட்டும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் குழந்தையின் நடத்தையில் மாற்றமோ, வேறு காயமோ, அவள் சொல்லும் ஏதோ ஒன்றோ உறுத்தினால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

உங்கள் மகளுக்கு வருகிறேன். இந்த மாதம் மாய்ஸ்சரைசரை இரண்டு வேளையும் விடாமல் போடுங்கள். ஆன்டிபயாடிக் சிரப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், சிவந்த இரண்டையும் டாக்டரிடம் நேரில் காட்டி, தொடரலாமா நிறுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே நாளில் எக்ஸிமாவையும் காட்டுங்கள். இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் இன்னொன்று. தினமும் எண்ணிக்கொண்டிருந்தால் கூடிக்கொண்டே போவது போலத்தான் தோன்றும். கை அசைக்கும்போது உரசி ரத்தம் கசியும் நாலைந்து கட்டிகள் அக்குளில் இருந்தால் அவற்றுக்கு மட்டும் கேஓஎச் கேளுங்கள், அவள் தைரியமான பெண் என்றால் சுரண்டி எடுக்கவும் சம்மதிக்கலாம். விலாவில் உள்ளதை விட்டுவிடுங்கள். கண் இமையின் ஓரத்தில் ஒன்று முளைத்தாலோ, கண் சிவந்து நீர் வடிந்தாலோ காத்திருக்க வேண்டாம், கண் டாக்டரிடம் காட்டுங்கள்; இமையில் உள்ள பாலுண்ணி கண்ணைத் தொடர்ந்து உறுத்திக்கொண்டே இருக்கும். அவள் வேறு நோய்க்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறாள் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள், அப்போது என் பதில் மாறும்.

தம்பியை வாரம் ஒருமுறை குளிப்பாட்டும்போது அக்குள், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு என்று பார்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு தெரிந்தால் அவனுக்கும் இதே துண்டு, நகம், மாய்ஸ்சரைசர்தான். இரண்டு வயதில் வேறெதையும் நான் அவசரப்பட்டுச் செய்ய மாட்டேன்.